எல்லாம் எழுதியிருக்கு, ஒண்ணும் சொல்லல

"டாக்குமென்டேஷன் முடிஞ்சிட்டு தாத்தா"ன்னு நீ சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கல பேராண்டி. ஆளாளுக்கு வருசக்கணக்கா எழுதிக் குவிச்ச கோடு, அதுக்கு ஒரு வரி விளக்கம் கெடையாதுன்னு உங்க மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் புலம்புவாரு. நீ என்னமோ ஒரு கமாண்டைத் தட்டுன. ஆச்சி போட்டுக் குடுத்த காப்பி ஆறல, அதுக்குள்ள அம்புட்டும் பக்கம் பக்கமா வந்து விழுந்துட்டு. இடது கைப்பக்கம் மெனு, உச்சியில தேடுற பெட்டி, நடுவுல கலர் கலரா அம்புக்குறி. இப்படியொரு கெட்டிக்காரன் நம்ம வம்சத்துல பொறந்ததில்லன்னு ஒங்க ஆச்சிகிட்டகூடச் சொன்னேன்.

ஒரே ஒரு சந்தேகம். கெழவனுக்கு வர்ற சந்தேகம்தான், கோவிச்சுக்கிடாத. அதை யாருல படிக்கப் போறா?

உங்க மேனேஜர் படிக்க மாட்டாரு. டிக்கெட்டை மூடிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போறதுதான் அவரு சோலி. கிளையண்ட் படிக்க மாட்டாரு, அவருக்கு அது எத்தனை பக்கம்னு தெரிஞ்சா போதும். புதுசா வேலைக்குச் சேர்ற பய மொத நாள் ஆசையாத் திறப்பான். மறுநாளே பக்கத்து ஸீட்டுக்காரனைக் கூப்பிட்டு, "அண்ணே, இது எதுக்குண்ணே?"ன்னு கேக்க ஆரம்பிச்சிருவான். நீயாவது படிப்பியா? எழுதவே இல்லையே, பிறகு எதுக்குப் படிக்கப் போற.

இந்தப் பாசையெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. வீட்டுல இருந்தே வேலை பாக்கேன்னு நீ தார்சால்ல லேப்டாப்பை வச்ச நாள்ல இருந்து, திண்ணையில படுத்துக்கிட்டு உங்க மீட்டிங் எல்லாத்துக்கும் நானும் ஆஜர். என் மூஞ்சி தெரியாது, என் சத்தம் கேக்காது, என்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. உங்க டீம்ல பாதிப்பேரு நெலமையும் அதுதான்னு தெரிஞ்ச பிறகு எனக்கும் கூச்சம் போயிட்டு. புரியாத வார்த்தைய உங்கிட்டயே கேப்பேன். நீயும் பெருமையில ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவ.

சரி, விசயத்துக்கு வாரேன். ஒரு எழுத்தும் எழுதாம டாக்குமென்டேஷனை மலையாக் குவிக்கிற வித்தையில நீ இன்னும் கத்துக்குட்டி. பெரியவன் சொல்லுதேன், கேட்டுக்க.

விசுவல் ஸ்டூடியோக்காரங்களுக்குக் கோஸ்ட்டாக்னு ஒரு சாமான் உண்டு. ஃபங்ஷன் பேரைப் பாத்து அதுவே கமெண்ட் எழுதிக் குடுத்துரும். 'கெட் யூசர்'னு பேரு இருந்தா, 'யூசரை கெட் பண்ணும்'. 'டெலீட் ரூம்'னு இருந்தா, 'ரூமை டெலீட் பண்ணும்'. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுற நான் 'விற்பவர் என்பவர் விற்பவர், வாங்குபவர் என்பவர் வாங்குபவர்'னு எழுதிட்டுக் கூலி கேட்டிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பான். உங்க ஊர்ல அதுக்குக் 'கவரேஜ் நூறு சதவீதம்'னு பேரு வச்சு ஸ்லைடு போடுதீங்க. குடுத்து வச்ச பிள்ளைங்க.

அதைவிட உத்தமமான வித்தை, நீ ஓட்டுனியே, அந்த டாக்ஸிஜன்லயே இருக்கு. நெதர்லாந்துக்காரர் டிமிட்ரி வான் ஹீஷ் 1997ல வெளியிட்டது. நல்ல சாமான், அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அதோட செட்டிங் ஃபைல்ல 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்'னு ஒரு வரி கெடக்கு. அதுக்கு நேரா 'எஸ்'னு போட்டா, ஒரு சொட்டுக் கமெண்ட் இல்லாத ஃபங்ஷனையும் இழுத்துட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சிரும். அதோட விட்டுதா? 'இதுக்கு விளக்கம் எழுதல, அதுக்கு விளக்கம் எழுதல'ன்னு வழக்கமா முனங்குமே, அந்த எச்சரிக்கை அம்புட்டும் வாயைப் பொத்திக்கிடும். அதோட கையேட்டுலயே அதைத் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. எழுதாம விட்டதைக் காட்டிக் குடுக்கிற ஒரே சாட்சி, அதையும் ஒத்தை வார்த்தையில ஊமையாக்கிரலாம். நீ 'எஸ்' போட்டிருந்த. திரையில பாத்தேன். கண்ணாடி போட்டா எனக்கு நல்லாத் தெரியும்.

அந்த அம்புக்குறிப் படம் கிராஃப்விஸ்னு ஒண்ணு வரையுது, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுதுன்னு. சின்னக் கோடுக்கு உபகாரமான விசயம். உங்க கோடுக்கு வரைஞ்சது? எழுத்தப் படிக்கணும்னு பெருசாக்குனா அம்பு எங்க போகுதுன்னு தெரியல, அம்பைப் பாக்கணும்னு சின்னதாக்குனா எழுத்துத் தெரியல. கிளையண்ட் அதைப் பாத்துட்டுத் தலையாட்டுனாருன்னு சொன்னியே, தலையாட்டாம வேற என்ன செய்வாரு பாவம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் பத்திரம் எழுதுறது. அதை வச்சே சொல்லுதேன். சொத்து விவரத்துல நான்கெல்லை போடணும். கெழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கா, சர்வே நம்பர் இது, பரப்பு இத்தனை சென்ட். அதுக்குச் சர்வேயர் அளந்த கணக்கு கையில இருந்தா போதும், இப்ப மிஷினே அளந்துருது. பத்திரத்தோட வாசகமும் கூட இப்ப ரெடிமேடு. பதிவுத்துறையே மாதிரிப் பத்திரத்தை இணையத்துல போட்டிருக்கு, எடத்தை நெரப்புனா முடிஞ்சிட்டு. எங்க பிழைப்புல அது மண்ணைப் போட்டது வேற கதை, அதுக்காக அது தப்புன்னு நான் சொல்லல. நான்கெல்லைய எழுத நான் எதுக்கு? ஆனா அந்த நெலம் இவன் கைக்கு எப்படி வந்துச்சு, தாத்தன் வாங்குனதா, பாகப்பிரிவினையில வந்ததா, தங்கச்சிக்கு அதுல பங்கு உண்டா, கெணத்துக்குப் போற பாதையை ஏன் அந்த மூலையில விட்டிருக்கான்? இதுக்குத் தாய்ப்பத்திரத்தைத் தூசி தட்டிப் படிக்கணும், இல்லாட்டி விவரம் தெரிஞ்ச பெருசு வீட்டு முத்தத்துல போயி உக்காரணும். நான் பாத்த வரைக்கும், கோர்ட்டுக்குப் போற வழக்கு நான்கெல்லையில வர்றது கொறச்சல், தாய்ப்பத்திரத்துல வர்றதுதான் கூட. உன் சாமான் நான்கெல்லைய முத்து முத்தா எழுதுது. தாய்ப்பத்திரம்னு ஒண்ணு இருக்குங்கிறதே அதுக்குத் தெரியாது.

உன் கோடுலயே காட்டுதேன் பாரு. குத்தாலம் சீசனுக்கு லாட்ஜ் ரூம் பிடிச்சுக் குடுக்கிற சைட்டுதான உங்களுது. பணம் கட்டுற எடத்துல 'ஸ்லீப் 3'ன்னு ஒரு வரி கெடக்கு, மூணு நொடி சும்மா நில்லுன்னு அர்த்தம். "அது எதுக்குன்னு யாருக்கும் தெரியல, எடுத்தா மட்டும் ஒடையுது"ன்னு நீதான் ஒரு நாள் மீட்டிங்ல சொன்ன. இப்ப நீ குவிச்ச மலையில அந்த ஃபங்ஷன் பக்கத்தைத் திறந்து பாரு. உள்ள வாங்குறது புக்கிங் ஐடி, அது ஒரு எண். திருப்பிக் குடுக்கிறது ட்ரூ, இல்லாட்டி ஃபால்ஸ். கூப்பிடுறது இன்ன ஃபைல்ல இருந்து. அம்புட்டும் சரி, ஒரு எழுத்துப் பிழை கெடையாது. அந்த மூணு நொடி ஏன்? அதைப் பத்தி மூச்சு இல்ல.

இந்தச் சாமானை எல்லாம் உண்டாக்குன புண்ணியவான்கள் இதுக்காகவா செஞ்சாங்க? யூனிக்ஸ் கையேடு மொத மொத 1971 நவம்பர்ல வந்துச்சு, கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதுனது. அதுல கமாண்டுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துல 'பக்ஸ்'னு ஒரு தலைப்பு. இதுல இன்ன கோளாறு இருக்கு, பாத்து நடந்துக்கன்னு செஞ்சவனே எழுதி வச்சிருப்பான். விக்கிறவனே வில்லங்கத்தைச் சொன்ன பத்திரம் என் ஆயுசுல நான் ஒண்ணுகூட எழுதினதில்ல.

அடுத்து 1984ல டொனால்ட் கனூத், 'லிட்டரேட் புரோகிராமிங்'னு ஒரு கட்டுரை எழுதுனாரு. மனுசன் படிக்கிற வரிசையில விளக்கத்தை எழுதிக்கிட்டே போ, ஊடால கோடை வை. அந்த ஒரே ஃபைல்ல இருந்து ஒரு சாமான் கம்ப்யூட்டருக்கு வேண்டியதைப் பிரிச்செடுக்கும், இன்னொரு சாமான் அச்சுக்கு வேண்டியதைக் கோத்துக் குடுக்கும். அவரோட டெக்ஸ் புரோகிராம் முழுசும் அப்படியே 1986ல புஸ்தகமா வந்துச்சு. அந்த ஏற்பாட்டுக்கு அவரு வச்ச பேரு 'வெப்', உங்க வெப் வர்றதுக்கு முந்தியே. பெரிய மனுசன் சொன்னாரேன்னு எல்லாரும் மெச்சுனாங்க, செஞ்சவங்க கொஞ்சப்பேருதான். அதுக்குக் கோடும் எழுதத் தெரியணும், வாக்கியமும் எழுதத் தெரியணும்லா.

பிறகு 1996ல ஜாவா வந்தப்போ ஜாவாடாக்கும் கூடவே வந்துச்சு. அதுல கோடுதான் முக்கியம். ஃபங்ஷன் தலையில ஒரு சாய்கோடும் ரெண்டு நட்சத்திரமும் போட்டு விளக்கத்தை எழுதிட்டா, சாமான் அதைப் பொறுக்கிப் பக்கமாப் போட்டுத் தரும். பிஹெச்பிக்கு 2000ல பிஹெச்பி டாக்குமென்டர் வந்ததும், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜேஎஸ்டாக், டைப்ஸ்கிரிப்டுக்கு டைப்டாக்னு வந்ததும் எல்லாம் அதே மாதிரிதான். இவங்கள்ல ஒருத்தனாவது 'நீ எழுத வேண்டாம், நாங்களே எழுதிக்கிடுதோம்'னு சொன்னானா? 'நீ எழுது, நாங்க கோத்துத் தாரோம்'னுதான் சொன்னான். நீ மொதப் பாதிய அவன்கிட்டயே விட்டுட்டுப் பின்பாதிய மட்டும் தூக்கிட்டு வந்துட்ட.

ஒழுங்காச் செஞ்சவன் யாருன்னு கேளு. வேர்ட்பிரஸ். 2003ல தொடங்குனது, இன்னைக்கு ஒலகத்துல உள்ள வெப்சைட்ல பத்துக்கு நாலு அதுலதான் ஓடுது. உங்க சைட்டோட முகப்பும் அதுதான். அவங்க கோடு ரெஃபரன்ஸை யாரும் உக்காந்து டைப் அடிக்கல. கோடுக்குள்ள உள்ள கமெண்டை ஒரு பார்சர் படிச்சு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பக்கம் போட்டு வைக்குது. பிஹெச்பி டாக்குமென்டரோட சரக்கை வச்சுத்தான் அந்தப் பார்சரையும் செஞ்சிருக்காங்க. உன் சாமான் பாத்த அதே வேலைதான் அதுவும். வித்தியாசம் எங்கன்னா, அவங்க கமெண்டுல இருக்கு.

ஒவ்வொரு ஃபங்ஷன் தலையிலயும் 'சின்ஸ்'னு ஒரு குறிப்பு இருக்கும், இது எந்த வெர்ஷன்ல வந்துச்சுன்னு. பின்னால ஒரு பாராமீட்டர் கூடுனா, அது கூடுனது எந்த வெர்ஷன்லன்னு இன்னொரு 'சின்ஸ்' வரி விழும். பழைய வெர்ஷன்ல இருக்கிற சைட்டுக்கு ப்ளக்இன் எழுதுறவன் அந்த ஒரு வரிய வச்சே தப்பிச்சுக்கிடுவான். அப்புறம் வெளியாள் கை நீட்டுறதுக்குன்னு கோடுக்குள்ள விட்டிருக்கிற எடத்துக்கு ஹூக்குன்னு பேரு. ஃபங்ஷனுக்கு மட்டும் இல்ல, அந்த ஹூக்குக்கும் தனியா விளக்கம் எழுதணும். ஒரே ஹூக்கு நாலு ஃபைல்ல வந்தா என்ன செய்வ? நீயா இருந்தா நாலு எடத்துலயும் காப்பி அடிச்சு ஒட்டுவ. அவங்க ஒரு எடத்துல முழுசா எழுதிட்டு, மத்த எடத்துல 'இந்த ஃபில்டருக்கு விளக்கம் இன்ன ஃபைல்ல இருக்கு'ன்னு ஒத்தை வரியோட விட்டுருதாங்க. நாலு எடத்துல எழுதுனா மூணு எடம் பழசாப் போயிரும்னு பட்டுத் தெளிஞ்சவன் செஞ்ச ஏற்பாடு அது.

அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. 'கேபிட்டல் பி டேங்கிட்'னு ஒரு ஃபங்ஷன், 3.0 வெர்ஷன்ல வந்தது. ஜனங்க வேர்ட்பிரஸ்னு எழுதுறப்போ நடுவுல வர்ற 'பி'யைச் சின்ன எழுத்தாப் போட்டுட்டா, அதைப் பெரிய எழுத்தா மாத்துறது அதோட சோலி. பேரைப் பாத்தியா, 'பெரிய பி-டா பாவி'ங்கிற மாதிரி. அதோட தலையில உள்ள கமெண்ட் என்ன சொல்லுதுன்னா, இந்தத் தப்பை ஒலகத்தை விட்டே ஒழிக்கணும், கொறஞ்சது நம்ம கை எட்டுற தூரத்துக்காவதுங்குது. ஒரு நல்ல பேருக்காக எங்க எழுத்து விதியவே மீறுதோம்னும் அதுலயே ஒத்துக்கிடுதாங்க. அவங்க விதிப்படி ஃபங்ஷன் பேரு பூராவும் சின்ன எழுத்துலதான் வரணும். மிஷின்கிட்ட விட்டிருந்தா 'பி எழுத்தைப் பெரிதாக்கும்'னு எழுதிட்டு அடுத்த ஃபங்ஷனுக்குப் போயிருக்கும். விதி தெரிஞ்ச ஒரு புதுப்பய வந்து, 'எவன்டா இப்படிப் பேரு வச்சது'ன்னு மாத்திப்போட்டு நாலு எடத்தை ஒடைச்சிருப்பான். இப்ப அந்தக் கமெண்டைப் படிச்சிட்டுச் சிரிச்சிட்டுப் போயிருதான். ஒரு விளக்கம் செய்ய வேண்டிய வேலை அதுதான்ல.

மிஷின் மேல எனக்குக் கோவம்னு நெனைச்சுறாத. உங்க புக்கிங் வேலையில பாதிய ஃபாஸ்ட்ஏபிஐக்கு மாத்திட்டீங்கள்லா, 2018ல வந்துச்சே அது. அதுல கோடு எழுதுனாலே போதும், சைட் முகவரிக்குப் பின்னால 'டாக்ஸ்'னு அடிச்சா ஏபிஐ பூரா பட்டியலா வந்து நிக்கும். அதுக்கு மூலம் ஸ்வாகர். வேர்ட்னிக்னு ஒரு இணைய அகராதிக் கம்பெனியில டோனி டேம் செஞ்சு 2011ல வெளிய விட்டது. 2015ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் பக்கம் போச்சு, பிறகு ஓப்பன்ஏபிஐன்னு பேரு மாறிட்டு. இந்த வகையில எனக்கு ஒரு ஆவலாதியும் கெடையாது. 'தங்குற நாள்' முழு எண், 'வர்ற தேதி' தேதின்னு கோடுல எழுதுனா, அதுதான் விளக்கம். கோடை மாத்துனா விளக்கமும் சேந்து மாறும். ரெண்டும் ஒரே எடத்துல பொறக்குறதால ஒண்ணைப் பத்தி இன்னொண்ணு பொய் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட எடத்துலயும் கையால எழுதுவேன்னு நிக்கிறவன் வீம்புக்காரன்.

இருந்தாலும் அந்தப் பட்டியலை ஒரு தரம் பொறுமையாப் பாரு. அநேக ஏபிஐக்குக் கீழ ரெண்டு பதில் போட்டிருக்கும், 200, 422. 200 சரி, வேலை நடந்துச்சு. 422 எங்க இருந்து வந்துச்சு? வர்ற தகவல் கோணலா இருந்தா ஃபாஸ்ட்ஏபிஐ தானே திருப்பி அனுப்புற பதில் அது. தான் செய்யப் போறது தனக்குத் தெரியும், அதனால எழுதிருச்சு. 'அப்படி ஒரு ரூமே இல்ல'ன்னு நீ உள்ளுக்குள்ள 404 கெளப்புதியே, 'ஏற்கெனவே இன்னொருத்தர் எடுத்துட்டாரு'ன்னு 409 கெளப்புதியே, அது எங்க? அந்தப் பட்டியல்ல வராது. 'ரெஸ்பான்சஸ்'னு ஒரு எடம் இருக்கு, அதுல நீயா எழுதிச் சொன்னாத்தான் வரும். உங்க மொபைல் ஆப் பயலுவ அந்தப் பட்டியலை வேதமா நம்பி 200க்கும் 422க்கும் மட்டும் கோடு எழுதி வச்சிருந்தானுவ. ஐந்தருவியில தண்ணி விழுகுதுன்னு டிவியில சொன்ன அன்னைக்கு ஒரே ரூமுக்கு ஊர்ப்பட்ட பேரு அமுக்க, 409 வந்து குவிஞ்சு, ஆப் வெள்ளைத் திரைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி நீ சாப்பிடாமப் படுத்த. ஆச்சிதான் வருத்தப்பட்டா.

இன்னொண்ணு. அந்தப் பக்கத்துல 'ட்ரை இட் அவுட்'னு ஒரு பட்டன் இருக்கு. உங்க டெஸ்ட் சர்வர்ல அது அமிர்தம். லைவ் சர்வர்லயும் அதையே திறந்து போட்டிருக்கீங்களே, என்ன தைரியம்! தெருவுல போறவன் புக்கிங் கேன்சல் பண்ற ஏபிஐ எங்க இருக்கு, அதுக்கு என்ன குடுக்கணும்னு அமுக்கி அமுக்கிப் படிச்சுக்கிடலாம். 'ஓப்பன்ஏபிஐ யூஆர்எல்'லுக்கு 'நன்'னு குடுத்தா அந்தப் பக்கமும் போகும், அதுக்கு அடியில உள்ள ஃபைலும் போகும். பக்கம் மறைஞ்சுட்டா ஏபிஐயும் மறைஞ்சுட்டுன்னு நெனைச்சுறாத, அது அங்கனயேதான் உக்காந்திருக்கும், பூட்டை ஒழுங்காப் போடு. ஓவாஸ்ப்னு இந்தப் பாதுகாப்பு விசயத்துக்குன்னே இருக்கிறவங்க 2023ல ஏபிஐ ஆபத்துப் பட்டியல் ஒண்ணு போட்டாங்க. அதுல ஒன்பதாவது, நம்மகிட்ட என்னென்ன ஏபிஐ ஓடுதுங்கிற கணக்கே இல்லாம இருக்கிறது. அந்தக் கணக்கு எடுக்கிறதுல மட்டும் மிஷினை அடிச்சுக்கிட ஆளில்ல. பழைய 'வி1' ஏபிஐ இன்னும் உசுரோட இருக்குங்கிறதே அந்த 'டாக்ஸ்' பட்டியலைப் பாத்துத்தான உங்க டீமுக்குத் தெரிஞ்சுச்சு?

எழுதி வச்ச விளக்கம் பழசாப் போனாக் கண்டுபிடிக்கிறதுக்கும் வழி வச்சிருக்காங்க. பைதான்ல டாக்டெஸ்ட்னு ஒண்ணு 2001ல இருந்தே கூட வருது. ரூமைக் கேன்சல் பண்ணுனா எம்புட்டு ரூபா திரும்பக் கெடைக்கும்னு நீ விளக்கத்துல உதாரணம் எழுதுனா, அதை ஓட்டிப்பாத்து, நீ சொன்ன விடை வரலேன்னா டெஸ்ட் ஃபெயில்னு கத்தும். ரீஃபண்ட் விதி மாறுன அன்னைக்கே விளக்கம் பொய்யாப் போச்சுன்னு தெரிஞ்சுரும். உங்க கோடுல இது எத்தனை எடத்துல இருக்குன்னு நான் கேக்க மாட்டேன், பெரிய மனுசனுக்கு அழகில்ல. ஜாவாக்காரங்ககூட 2014ல 8ஆம் வெர்ஷன்ல ஜாவாடாக்கைக் கண்டிப்பு வாத்தியாரா மாத்துனாங்க. அதுவரைக்கும் சும்மா கெடந்த கமெண்டெல்லாம் எரர் அடிச்சு பில்டு நின்னுட்டு. ஒடனே கமெண்டைத் திருத்துனாங்கன்னுதான நெனைக்க? அந்தச் சோதனைய எப்படி ஆஃப் பண்றதுன்னு தேடுனவங்கதான் நெறைய.

இப்ப ஏஐக்கு வாரேன். 2021ல கோபைலட் எட்டிப்பாத்ததுல இருந்து உங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கமெண்ட் எழுதச் சொன்னா எழுதுது, ரீட்மீ எழுதச் சொன்னா எழுதுது, அதுவும் பெரிய ஆபீசர் தோரணையில. நான் ரசிச்சுப் பாத்திருக்கேன். ஆனா பழைய சாமானுக்கு இருந்த ஒரு யோக்கியதை இதுக்கு இல்ல பாத்துக்க. டாக்ஸிஜனுக்குத் தெரியாத எடம் வெத்தாக் கெடக்கும். வெத்தாக் கெடக்கிற எடத்தைப் பாத்தா, 'இங்க யாரோ எழுதாம விட்டுட்டான்'னு வர்றவனுக்குத் தெரியும், கேட்டுத் தெரிஞ்சுக்கிடுவான். ஏஐக்கு வெத்தா விடப் பிடிக்காது. அந்த 'ஸ்லீப் 3' எதுக்குன்னு நீ அதுகிட்டக் கேட்ட. 'சர்வரின் மேல் சுமை கூடாமல் இருப்பதற்காக இந்த இடைவெளி விடப்படுகிறது'ன்னு அழகாச் சொல்லுச்சு. நீயும் மகராசனா அதைக் கமெண்டாப் போட்டு மெர்ஜ் பண்ணிட்ட.

எனக்கு அங்கதான் பகீர்னு இருந்துச்சு. நேத்து வரைக்கும் அந்த வரியைத் தொட எல்லாவனுக்கும் ஒரு பயம் இருந்துச்சு, காரணம் தெரியாததால. இப்பத்தான் காரணம் எழுதியாச்சே. நாளைக்கு ஒருத்தன் வருவான், 'நாமதான் பெரிய சர்வருக்கு மாறிட்டோமே, சுமை எங்க இருக்கு'ன்னு நியாயமா யோசிச்சு, நியாயமா அந்த வரிய எடுத்துருவான். டெஸ்ட் எல்லாம் பாஸாகும். சனிக்கெழமை ராத்திரி பணம் கட்டுனவனுக்கு ரூம் இல்லன்னு வரும். அந்தக் கமெண்டை யாரு எழுதுனான்னு கிட்ல தேடிப் பாப்பீங்க, உன் பேருதான் வரும். ஏஐ பேரு வராது.

அதுகிட்ட வேலை வாங்காதன்னு சொல்லல. பதில் எழுதச் சொல்றதுக்குப் பதிலா கேள்வி கேக்கச் சொல்லு. 'இந்த ஃபைலைப் படி. எது ஏன் இருக்குன்னு கோடைப் பாத்து உனக்கு வெளங்கல, பட்டியல் போடு'ன்னு சொல்லிப்பாரு. நல்லாவே போடும். அந்த 'ஸ்லீப் 3', ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் வேற ரேட் போடுற அந்த 'இஃப்', பேருல புள்ளி வச்ச கஸ்டமரைத் தனியா ஒதுக்குற அந்த நாலு வரி, எல்லாம் வந்து நிக்கும். பிறகு அந்தக் கேள்விய எடுத்துக்கிட்டு நீ மனுசங்ககிட்டப் போ. மொதல்ல கிட்ல தேடுனன்னு எனக்குத் தெரியும். அந்த வரி வந்த கமிட்டுல 'ஃபிக்ஸ்'னு ஒத்தை வார்த்தை எழுதியிருந்துச்சாமே. என்ன ஒடைஞ்சுச்சு, எதை வச்சு ஒட்டுனான்னு அதுல எங்க இருக்கு.

அதை எழுதுனவரு இன்னும் உங்க டீம்லதான் இருக்காரு. நீ அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிடுவியே, எல்லா மீட்டிங்லயும் 'உம்' மட்டும் கொட்டுவாரே, அவரேதான். நோட்டீஸ் பீரியட்ல இருக்காரு, இந்த வெள்ளிக்கெழமையோட லேப்டாப்பை ஒப்படைக்காருன்னு நேத்து உங்க ஹெச்ஆர் பொண்ணு சொன்னா, நீ அப்ப மியூட்ல முறுக்குத் தின்னுக்கிட்டிருந்த. அவருக்கு 'நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்'னு காலண்டர்ல கட்டம் போட்டுக் கூப்பிடாத. அப்படிக் கூப்பிட்டா ஸ்லைடு கொண்டாருவாரு, அதுல ஒண்ணும் இருக்காது. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல சும்மா போனைப் போடு. "அண்ணாச்சி, நீங்க போன பிறகு அந்தப் பேமெண்ட் பக்கத்தை நான் மாத்தி எழுதலாம்னு இருக்கேன்"னு சொல்லு. பதறிப்போயி அவரே ஆதியோடந்தமாச் சொல்லுவாரு. பேங்க் பக்கத்துல இருந்து 'வந்துச்சு'ன்னு பதில் வர்றதுக்கும் பணம் நெசமாவே கணக்குல ஏறுறதுக்கும் நடுவுல என்னமோ ஒரு எடவெளி இருந்திருக்கும்னு எனக்கு ஒரு யூகம். நான் பத்திரம் எழுதுறவன், என் யூகத்தைக் கமெண்டுல போட்டுறாத, அந்த ஏஐக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிரும்.

அவரு சொல்றதை அவரு வார்த்தையிலயே, அந்த வரிக்கு மேல ரெண்டு வரியா எழுது. எந்த வருசம், எந்தப் பேங்க் பதிலைப் பாத்து வச்சது, எது மாறுனா இதை எடுத்துரலாம்னு கேட்டு அதையும் சேத்துக்க. ஏற்கெனவே போட்டிருக்கியே சுமை, கிமைன்னு, அதை அழிச்சிரு. முடிச்சிட்டு உன் டாக்ஸிஜனை மறுபடி ஓட்டு, 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்'ல இந்தத் தடவை 'நோ' போட்டு. நாள் பூரா முனங்கும். முனங்கட்டும், அது என்னென்ன கேக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வையி.